பாசிக்கிளி இருந்த கல்

ஜனவரி 21, 2025 – செவ்வாய்

காலையில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பழவேற்காடு ஏரி முகத்துவாரத்தில் அரசாங்கம் போட்ட கல் வரிசையில் வடக்கு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு போனேன். கயிற்றால் ஒரு சதுரம், அதற்குள் என்னென்ன உயிர் இருக்கிறது என்று தாளில் குறிக்க வேண்டும். கல்லூரிக்காரர்கள் என் தோழி தஸ்லீமா மூலமாக எனக்குக் கொடுத்த வேலை இது. மூன்றாவது சதுரத்தில் பாசியை விலக்கினேன். ஒரு கொத்து மட்டும் கையோடு வரவில்லை. அலை போகும்போது கூடவே போனது, அலை திரும்பும்போது திரும்பியது, ஆனால் ஒரு நொடி தாமதமாக. அந்தத் தாமதத்தால்தான் பிடிபட்டது. மீன்!

விரல் நீளம். பச்சையில் பழுப்புத் திட்டு, வெள்ளைப் பொட்டு, கண்ணைச் சுற்றிக் கதிர் போலக் கோடுகள். தலையைக் கீழே தொங்கப்போட்டுப் பிய்ந்த பாசி மாதிரியே மிதக்கிறது. விரலை நீட்டினேன். தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்துவிட்டது. பத்து நிமிடம் காத்திருந்தும் வெளியே வரவில்லை.

படத்தைத் தஸ்லீமாவுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள். "கிளி மீன் மாதிரி ஒரு சாதிடி. சின்னதா இருக்கறப்ப பாசி வேஷம் போடும். இன்னும் படம் எடு, விடாத."

தம்பி தீனா நண்டு வலை எடுத்துக்கொண்டு படகில் அந்தப் பக்கம் போனான். "இன்னாக்கா, பாசிகிட்டப் பேசிகினு கீற?" என்று கத்தினான். காட்டினேன். அவன்தான் பெயர் வைத்தான்: பாசிக்கிளி.

வீட்டுக்கு வர மணி ஒன்றாகிவிட்டது. சோறு ஆறியிருந்தது. வீட்டுக்காரர் தட்டை என் தோள் மேல் விட்டெறிந்தார். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 22 – புதன்

இன்று மூன்று பார்த்தேன். அதில் ஒன்று பெரியது. பாசி நிறம் போய்க் கறுத்திருந்தது. தன் தலையளவு கல்லை வாயால் புரட்டி அடியில் இருந்த நண்டுக் குஞ்சைத் தின்றது. தோள் வலிக்கிறது.

பிப்ரவரி 2 – ஞாயிறு

என் போனில் அந்தப் படத்தை அவர் பார்த்துவிட்டார். அடுத்த நாளே யாருக்கோ அனுப்பியிருக்கிறார். இன்று சென்னையிலிருந்து காரில் ஒருவர் வந்தார். பெயர் ராபர்ட். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். எங்கள் வடக்குத்திட்டுக்குள் கார் வந்தால் ஊரே வாசலுக்கு வந்துவிடும். வந்தது.

"உயிரோட வேணும், ஜெகதீஸ்வரன் சார்" என்றார் ராபர்ட். என் கணவரை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்று கூட அந்த முகம் இல்லை.

"எங்க கீதுன்னு நீதான் காட்டணும்" என்று என்னிடம் சொன்னார். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி.

காட்டினேன். மூன்றாவது சதுரம், ஏழாவது சதுரம், தெற்கு வளைவில் பதினொன்றாவது. நானே நடந்துபோய், நானே விரலை நீட்டி.

பிப்ரவரி 11 – செவ்வாய்

கொசுவலைத் துணியில் கைவலை தைத்துப் பிடிக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று. மற்றதெல்லாம் மணலுக்குள் போய்விடுகிறது. பத்து நாளாக அவர் என்னை அடிக்கவில்லை. மாமியார் வேலம்மா கூட, "மீனு ராசிடீ உனக்கு" என்றாள்.

தஸ்லீமாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "ஏன்டி காட்டின?" என்றாள்.

அடி விழாமல் இருக்கும் என்றுதான் காட்டினேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 20 – வியாழன்

ராபர்ட் பாட்டில் கொண்டுவந்திருக்கிறார். அமுக்கினால் பீய்ச்சி அடிக்கிற பாட்டில், ஓட்டலில் சாஸ் வைத்திருப்பார்களே அது. உள்ளே வெள்ளையாக ஏதோ கரைத்திருக்கிறது. 'மருந்து' என்கிறார்கள். ஊர்த் தண்ணித் தொட்டியில் போடுகிற பிளீச்சிங் பவுடர் வாடை.

கல் இடுக்கில் பீய்ச்சினால் மீன் குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு மேலே வருகிறது. வாளியில் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இன்று இருபத்தெட்டு. சாயங்காலம் பார்த்தபோது வாளியில் பதினைந்து வயிறு மேலே.

கல்லுக்கு அடியில் இறால் குஞ்சு, நண்டு, விலாங்கு, மடவைக் குஞ்சு எல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தன. அவர்கள் மிதித்துக்கொண்டு நடந்தார்கள். நான் சதுரத்தைப் போட்டு எண்ணினேன். எண்ணி முடியவில்லை.

பிப்ரவரி 24 – திங்கள்

தீனா வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கோணி. வாசலில் கொட்டினான். அத்தனையும் செத்த நண்டு. கல் வரிசையின் தெற்குப் பக்கம் அவன் வலை போடுகிற இடம். தெற்குத்திட்டு, நான் பிறந்த ஊர், முழுக்க அந்த நண்டை நம்பித்தான்.

"மாமா, இன்னா மருந்து ஊத்துறீங்க? தண்ணி உன் ஊர்லயே நிக்குமா? எங்க பக்கம் வராதா?"

"கவருமெண்டு கல்லு. உங்கப்பன் போட்ட கல்லாடா?"

"கல்லு யாருதோ. நண்டு எங்களுது."

அவர் எழுந்து துடுப்பை எடுத்தார். மாமியார் நடுவில் போய் நின்றதால் அடி தீனாவின் முழங்கையோடு போனது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீ எப்டிக்கா இங்க கீற?" என்றான்.

அவன் போய்விட்டான். அவர் கதவைச் சாத்தினார்.

பிப்ரவரி 26 – புதன்

இடது கை. மெதுவாகத்தான் வருது.

நான்தான் தீனாகிட்டப் போட்டுக் குடுத்தேனாம். வலது கை ரெண்டு விரல். கதவிடுக்குல வெச்சு சாத்துனாரு. ஒரு தடவ இல்ல.

மார்ச் 1 – சனி

பொன்னேரி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. "கதவு எப்படி மோதுச்சு?" என்று டாக்டரம்மா கேட்டாங்க. காத்துல என்று சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. என்னையே பார்த்தாங்க. மாமியார் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மார்ச் 9 – ஞாயிறு

இடது கை பழகிவிட்டது. எழுத்துதான் சின்னப் பிள்ளை எழுத்து.

ரெண்டு ஊரும் நடுமணலில் கூடியது. எங்கள் பக்கம் ஊர்த்தலைவர், நாட்டார் சுப்பராயலு. தெற்குத்திட்டுக்கு நாட்டார் என் அப்பா தருமன். நைனா என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது, எந்த இடம் யாருக்கு என்பதற்கெல்லாம் பாட்டன் காலத்திலிருந்து முறை இருக்கிறது. சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். சண்டை வராது. ஆனால் இந்தக் கல் போன வருடம் வந்தது. அதற்கு முறை இல்லை. மூன்று மணி நேரம் கத்தினார்கள். கடைசியில், அடுத்த மாதக் கோயில் திருவிழா முடிகிறவரை ரெண்டு ஊரும் கல்லைத் தொடக்கூடாது என்று முடிவு.

கலையும்போது தீனா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்: "மருந்து ஊத்திப் புடிக்கிறவன், பொண்டாட்டி விரல ஒடிக்கிறவன், அவனும் ஒரு ஆம்பளையா?"

தெற்குத்திட்டு மொத்தமும் சிரித்தது. எங்கள் ஊரிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏன்டா சொன்ன? எனக்காகவா? என்னைக் கேட்டியா?

மார்ச் 19 – புதன்

தீனாவை

மார்ச் 21 – வெள்ளி

காலை பத்து இருபதுக்குத் தீனா செத்துப்போனான். சென்னை ஆஸ்பத்திரியில். இருபத்தேழு வயது.

மார்ச் 22 – சனி

எழுதிவிட வேண்டும். மறந்துவிடும் என்பதற்காக இல்லை. ஊரில் எல்லாரும் வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே குழம்பிவிடக்கூடாது.

புதன்கிழமை காலை ஏழரை. தஸ்லீமா சென்னை போயிருந்தாள். நான் தனியாகக் கல்லில் எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் வந்தான். இனிமேல் 'அவர்' என்று என் கையில் வராது. கூட அவனுடைய கூட்டாளிகள் ரெண்டு பேர். திருவிழா முடியவில்லை. பாட்டில் இருந்தது. "ஊரு பேசினது இன்னா?" என்றேன். "உன் வேலையப் பாரு" என்றான். தெற்கு வளைவுக்கே போய்ப் பீய்ச்சினான். வேண்டுமென்றேதான்.

தீனா படகில் தனியாக வந்துகொண்டிருந்தான். தண்ணீரில் வெள்ளையாகப் பரவுவதைப் பார்த்திருப்பான். படகைக் கல்லோடு அணைத்துக் குதித்தான். கையில் ஒன்றும் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கையில் ஒன்றுமே இல்லை.

"பாட்டிலக் குடு மாமா."

"போடா."

"குடு. சண்ட வாணாம். நாட்டார்கிட்டக் குடுத்துட்டு நான் போறேன்."

தீனா கையை நீட்டினான். அவன் பாட்டிலைத் தூக்கித் தீனாவின் முகத்திலேயே பீய்ச்சினான். ரெண்டு கண்ணிலும்.

தீனா அப்படியே உட்கார்ந்துவிட்டான். கடல் தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டான். "அக்கா, எரியுதுக்கா. தண்ணி ஊத்துக்கா." நான் ஓடினேன். பாசிக் கல், கட்டுப் போட்ட கை, ரெண்டு முறை விழுந்தேன். எனக்கும் தீனாவுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கல் இருக்கும். தீனா எழுந்து, ஒன்றும் தெரியாமல், கையை முன்னால் நீட்டித் தடவித் தடவி வந்தான். கையில் சட்டை அகப்பட்டது. அவன் சட்டை. பிடித்துக்கொண்டான்.

அவன் குனிந்து படகிலிருந்த நங்கூரத்தை எடுத்தான். நாலு கொக்கி இரும்பு. தலையில் அடித்தான். தீனா சட்டையை விட்டுவிட்டு முழங்காலில் விழுந்தான். முழங்காலில் இருந்தவனை மறுபடியும் அடித்தான்.

ஒரு அடி என்றால் கோபம் என்று சொல்லலாம். ரெண்டாவதுக்கு இன்னா பேரு?

கூட்டாளிகள் ரெண்டு பேரும் ஓடிவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். "வழுக்கி வுழுந்தான். இன்னா, புரியுதா?" என்றான். நங்கூரத்தைத் தண்ணீரில் போட்டான். தீனாவின் தலை என் மடியில் இருந்தது. கல் இடுக்கெல்லாம் சிவப்பு. அதில் பாசிக்கிளி ஒன்று, பாதி செத்தது, புரண்டு புரண்டு மிதந்தது. ஏன் அதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. பார்த்தேன்.

ஆம்புலன்சில் தீனாவின் பெண்டாட்டி அனிதா மட்டும்தான் ஏறினாள். எனக்கு இடம் கொடுக்கவில்லை. நான் வடக்குத்திட்டுக்காரியாம்.

மார்ச் 23 – ஞாயிறு

தீனாவை எடுத்தோம். நான் நைனா வீட்டில் இருக்கிறேன்.

எடுத்து முடித்த கையோடு, தலை கூடக் காயவில்லை, தெற்குத்திட்டு ஆண்கள் அறுபது எழுபது பேர் கிளம்பினார்கள். மண்ணெண்ணெய் கேன், கத்தி, துடுப்பு, கடப்பாரை. முன்னால் நைனா. "நைனா, வாணாம், அங்க பொம்பளைங்க கீறாங்க" என்று காலைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனார்.

பின்னாலேயே ஓடினேன். மத்தியான வெயில். நான் போய்ச் சேரும்போது ஒன்பது படகு எரிகிறது. வலைக் குவியல் எரிந்தால் கரும்புகை தொண்டையை அடைக்கும். நைலான் உருகிச் சொட்டுகிற இடமெல்லாம் மணல் பொரிகிறது. சுப்பராயலுவின் கையைக் கல்லில் வைத்துக் கடப்பாரையால் அடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான். என் தெருவில் கூரை எல்லாம் தீ. அவன் இல்லை, எப்போதோ ஓடிவிட்டான். வேலம்மா உள்ளே இருந்தாள்.

உள்ளே போய் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் முதுகுப் புடவை எரிந்துகொண்டிருந்தது. மணலில் உருட்டினேன். ஒருவன் என் இடுப்பில் உதைத்தான். "அந்தத் தேவடியாள ஏன்டி இஸ்துகினு வர?" என்றான். சின்ன வயதில் என்னோடு பள்ளிக்கூடம் வந்தவன்.

வேலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளதான்னு தெரியும்டி, தெரியும்டி" என்றாள்.

மார்ச் 30 – ஞாயிறு

கண்ணை மூடினால் சட்டையைப் பிடித்த கைதான்.

ஏப்ரல் 6 – ஞாயிறு

சமாதானம் ஆகிவிட்டது.

ரெண்டு ஊர் நாட்டார்களும் உட்கார்ந்து பேசினார்கள். சுப்பராயலு கையில் கட்டோடு வந்தாராம். போலீசில் இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்த்தவர் யாரும் இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். இனியும் அப்படியே. தீனா கல்லில் வழுக்கி விழுந்தான். படகுகள் அடுப்பு நெருப்பில் எரிந்தன. அவன் ஆறு மாதம் ஆந்திரா பக்கம் போய் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஈடாக, முகத்துவாரக் கல் வரிசை மொத்தமும் இனித் தெற்குத்திட்டுக்கு.

நைனா சந்தோஷமாகத்தான் வந்து சொன்னார். "கல்லு நம்புளுதுன்னு எழுதிக் குடுத்துட்டானுங்க."

"தீனா?"

"அவன் வரப்போறானா? ஊரு பொழைக்க வாணாமா?"

"நான் பாத்தேன் நைனா. ரெண்டு அடி."

"நீ ஒண்ணும் பாக்கல."

"பாத்தேன்."

அறைந்தார். முப்பத்தொரு வருடத்தில் என்னை ஒருமுறை கூடத் தொடாத கை. அனிதா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 7 – திங்கள்

துணிப்பை, இந்த நோட்டு, சர்வே தாள்கள். பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பின்னால் தஸ்லீமாவின் வீடு. அவளுடைய அப்பா அப்துல் ஷுக்கூர் கதவைத் திறந்தார். என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். "மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. வாம்மா" என்றார்.

ஏப்ரல் 10 – வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனேன். தஸ்லீமா கூட வந்தாள். நாலு மணி நேரம். எழுதிக்கொண்ட பெண் போலீஸ், "ரெண்டாவது அடி அடிக்கறப்ப அவர் எந்த நிலையில இருந்தார்?" என்று கேட்டார். முழங்காலில் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

ஏப்ரல் 16 – புதன்

பொன்னேரியில் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். "யாராவது கட்டாயப்படுத்தி வந்தீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, எல்லாரும் வராதேன்னுதான் கட்டாயப்படுத்துனாங்க" என்றேன். கல்லுக்கு அடியில் தேடி நங்கூரத்தை எடுத்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 18 – வெள்ளி

ஆந்திர எல்லையில், எளாவூர் செக்போஸ்டில் அவனைப் பிடித்தார்கள்.

மே 4 – ஞாயிறு

மாடி மேல் கல் விழுந்தது. காலை ஒன்பது மணிக்கு, தைரியமாக. ரெண்டு ஊர் ஆட்களும் சேர்ந்தே வந்திருந்தார்கள். இதில் மட்டும் ஒற்றுமை. ஒரு கல் ஷுக்கூர் அப்பாவின் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் தாடியில் வழிய வாசலில் போய் நின்றார். "இன்னும் கல்லு இருக்கா? எறிங்க. நான் எங்கயும் போகல" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் போய்விடுகிறேன் என்றேன். தஸ்லீமா கோபித்துக்கொண்டாள். நெற்றியில் ஐந்து தையல்.

ஜூன் 15 – ஞாயிறு

மாவுக்கட்டு எடுத்து நாளாகிவிட்டது. விரல்கள் கோணலாகத்தான் ஒட்டியிருக்கின்றன. பேனா பிடிக்க முடிகிறது. வலது கையால் எழுதிய முதல் பக்கம் இது. அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 24 – வியாழன்

அவன் ஜாமீனில் வந்துவிட்டான். ஊருக்குள் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. வந்தான்.

மார்க்கெட்டில் முனியம்மாக்காவிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து வலது கையைப் பிடித்தான். "வாபஸ் வாங்கு. நான் உன்ன ஒண்ணும் பண்ணமாட்டேன். வூட்டுக்கு வா" என்றான். குரல் கெஞ்சியது. கை விரலை வளைத்துக்கொண்டே இருந்தது, அதே ரெண்டு விரலை. அவனுக்கே தெரியாமல் வளைக்கிறானோ என்று ஒரு நொடி தோன்றியது. அப்புறம் வலித்தது.

தராசில் இருந்த படிக்கல்லை இடது கையால் எடுத்து வாயில் அடித்தேன். விழுந்தான். மீன் கழுவின தண்ணீரில் பல் கிடந்தது. மறுபடியும் ஓங்கினேன். முழங்காலில் இருந்தான்.

முனியம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்ததால் நின்றேனா, நானே நின்றேனா? நானேதான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியவில்லை. எனக்கும் ரெண்டாவது அடிக்கு அவ்வளவு தூரம்தான் என்பது பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 1 – வெள்ளி

உத்தரவை மீறியதால் ஜாமீன் ரத்து. திரும்ப உள்ளே போனான். என் மேல் வழக்கு இல்லை. மார்க்கெட்டில் இருந்த அத்தனை பெண்களும், அவன்தான் முதலில் கை வைத்தான் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள்.

அரசு வக்கீலைப் பார்த்தேன். ஒளிக்காமல் சொன்னார்: "பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தாம்மா. கூட இருந்த ரெண்டு பேரும் அன்னைக்கு அங்க இல்லவே இல்லைங்கறாங்க. விரல் ஒடிச்ச கோபத்துல புருஷன் மேல பொய் சொல்றாங்கன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பார். ஆம்புலன்ஸ்ல உங்க தம்பி பேசினாரா? கூடப் போனவங்க சொன்னா வழக்கு நிக்கும்."

அனிதாவிடம் யார் போய்க் கேட்பது?

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

ஐந்து மாதத்துக்குப் பிறகு கல்லுக்குப் போனேன். தஸ்லீமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இருபத்திரண்டு சதுரம். பாசி கருகி உரிந்து கல் எலும்பு மாதிரி வெளுத்திருக்கிறது. நண்டு இல்லை. பாசிக்கிளி என்ற கட்டத்தில் இருபத்திரண்டு முறை பூச்சியம் எழுதினேன்.

தெற்கு வளைவில் நாலு பேர் குனிந்திருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்தார். நைனா. கையில் அமுக்கிப் பீய்ச்சுகிற பாட்டில். மணலில் ராபர்ட்டின் கார் நின்றது.

"நைனா, அது தீனா கண்ணுல ஊத்துனது" என்றேன்.

"இங்க இன்னா வேல உனக்கு? இது எங்க கல்லு" என்றார்.

தஸ்லீமா என் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அழுதது நான் இல்லை, அவள்.

ஆகஸ்ட் 29 – வெள்ளி

புது நம்பரிலிருந்து போன். மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அனிதாவின் குரல்.

"அண்ணி, அந்த பாட்டில வூட்ல வெச்சிகீறாரு உங்க நைனா. உங்க தம்பி போட்டோவுக்குக் கீழயே."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆம்புலன்ஸ்ல அவர் என்னக் கேட்டுகினே வந்தாரு அண்ணி. கண்ணு தெரியலன்னு. ஜெகா மாமா ஏன் மருந்த ஊத்துனாரு, நான் ஒண்ணுமே பண்ணலயேன்னு…"

கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்ல? வா என்றா? நான் வந்ததால் எனக்கு என்ன ஆனது என்று அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

செப்டம்பர் 6 – சனி

முனியம்மாக்கா சொன்னாள்: அனிதா தெற்குத்திட்டை விட்டுத் திருப்பாலைவனத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். யாரோடும் பேசுவதில்லையாம்.

செப்டம்பர் 16 – செவ்வாய்

வக்கீல் வரச் சொல்லியிருந்தார். காலை எட்டே கால் பஸ். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மழை வரும்போல இருந்தது, வரவில்லை. பொன்னேரி கோர்ட் ஸ்டாப்புக்குப் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார் கண்டக்டர்.

திருப்பாலைவனத்தில் நிறையப் பேர் ஏறினார்கள். நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மடியில் ஒரு மஞ்சள் பை, அதன் மேல் ரெண்டு கையும் இறுக்கிக் கோத்திருந்தன. வளையல் இல்லாத கை. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ரெண்டு நிறுத்தம் தாண்டியது.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா எறங்கணும்?"

அனிதா என் பக்கம் தலையை அசைத்தாள்.

"இவுங்க எறங்குற எடத்துல" என்றாள்.